கவிதையில வாற 'நீ' ஆர்?

தம்பி, நீங்க எழுதினதைச் சுருக்கினா இவ்வளவுதான் வருது: "எனக்கு 23 வயசு, காதல் கவிதை எழுதுறன், வாசிக்கிற ஆக்கள் எல்லாம் 'ஆர் மச்சான் அந்தப் பெட்டை' எண்டு கேக்கிறாங்க, நான் இண்டைக்கு வரைக்கும் ஆரையும் காதலிக்கேல்ல, பெரிய கவிஞர்மார் எல்லாரும் தங்கட சொந்தக் காதலை வெச்சுத்தானே எழுதினவங்க, அப்ப நான் எழுதுறது பொய்யா?" மேலால பார்த்தா கவிஞர்மார்ட காதல் வாழ்க்கை பற்றின கேள்வி. உள்ளுக்க கிடக்கிறது வேற, அனுபவிக்காதவனுக்கு எழுத உரிமை இருக்கா எண்டதுதான். முதலாவதுக்கு வடிவாப் பதில் சொன்னா ரெண்டாவதுட பாரம் பாதி குறைஞ்சிடும் எண்டு நினைக்கிறன், அதால முதலாவதில இருந்தே வாறன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கொள்ளுங்க. நான் திருகோணமலையில ஏஎல் (உயர்தர வகுப்பு) பிள்ளையளுக்குத் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிற ரீச்சர். சங்கப் பாட்டும் பாரதியும் கனகாலமா என்ட தொழில், நவீன கவிதை விருப்பத்துக்கு வாசிக்கிறது. வெளிநாட்டுக் கவிஞர்மாரை மொழிபெயர்ப்பிலதான் தெரியும், அந்தப் பக்கம் நான் சொல்லுறதை நீங்களும் ஒருக்காத் தேடிப் பாருங்க.

நிச்சயமாச் சொல்லக்கூடியது ஒண்டு இருக்கு. காதல் பாட்டு எண்டா பாடினவர்ட சொந்தக் கதை எண்ட நினைப்பு எங்கட மொழியில பழைய நினைப்பே இல்ல. தொல்காப்பியம் அகத்திணையியல்ல கறாரா ஒரு விதி கிடக்கு: "மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." காதலைப் பாடுற பாட்டில இன்னார் எண்டு பேர் சொல்லப்படாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாணன், அவ்வளவுதான், எந்த ஊர்த் தலைவி, ஆற்ற மகள் எண்டு கேக்க இடமே வெக்கேல்ல. இதை எவ்வளவு இறுக்கமாப் பார்த்தாங்க எண்டதுக்கு நெடுநல்வாடை எண்ட நீளமான சங்கப் பாட்டு நல்ல உதாரணம். வாடைக் காத்தடிக்கிற இரவு, புருசனைப் பிரிஞ்சு நித்திரை இல்லாமக் கட்டில்ல கிடக்கிற அரசி, பாசறையில நித்திரை இல்லாம நடந்து திரியிற அரசன், எல்லாமே அகப்பாட்டுக்கு, அதாவது காதல் பாட்டுக்கு, உரிய சாமான்தான். ஆனா பாசறைக் காட்சியில ஒரு வேல்ல வேம்பு கட்டியிருக்கு எண்டு ஒரு வரி வருது. வேம்பு பாண்டியன்ட அடையாளம், அப்ப ஆள் ஆர் எண்டு பிடிபட்டுப்போச்சு, அதால இதை அகம் எண்டு சொல்ல ஏலாது, போரையும் அரசரையும் பாடுற புறம் எண்டு பழைய உரைகாரர் நச்சினார்க்கினியர் எழுதுறார். பேர் கூட இல்ல பாருங்க, வெறும் வேப்பந்தழை.

இதுக்கு மற்றப் பக்கம் நக்கண்ணையார். புறநானூற்றில 83, 84, 85 மூண்டும் அவட பாட்டு, ஒரு பெண் ஒரு வீரனைப் பார்த்து ஏங்குற பாட்டு. 84 ஆம் பாட்டில ஒரு இடம் எனக்கு எப்பவும் பிடிக்கும்: அவன் கூழைக் குடிச்சும் பெரிய தோளோட இருக்கிறான், நான் அவன்ட வளவுக்குப் பக்கத்திலயே இருந்தும் பசலை பிடிச்சுப் பொன் நிறமாப் போனன் எண்டு சொல்லுறா. "யாமே புறஞ்சிறை இருந்தும் பொன்னன் னம்மே." இதைவிட அகமா ஒரு பாட்டு இருக்கேலுமா? ஆனா பாட்டுக்குக் கீழ வாற குறிப்பு இது சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியை நக்கண்ணையார் பாடினது எண்டு சொல்லுது. ஆள் தெரிஞ்ச காதல், அதுவும் ஒருதலைக் காதல், கைக்கிளை எண்டு போட்டுப் புறத்தில வெச்சிட்டாங்க. பழைய தமிழ் ஆக்கள் கவிஞருக்குக் காதல் வாழ்க்கை இல்ல எண்டு நினைக்கேல்ல எண்டது இதில விளங்குது. அது வெளியால தெரிஞ்சா பாட்டு வேற பெட்டிக்குள்ள போயிடும் எண்டு நினைச்சிருக்கிறாங்க. இந்தப் பெட்டி விசயத்தைக் கொஞ்சம் மனசில வெச்சிருங்க.

கபிலர்ட குறுந்தொகை 25 ஐ வகுப்பில படிப்பிச்சா ஒவ்வொரு தொகுதியிலயும் ஒரு பிள்ளையாவது உங்கட கேள்வியைக் கேக்கும். "யாரும் இல்லைத் தானே கள்வன், தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ." அவன் என்னைச் சேர்ந்த அண்டைக்கு வேற ஆரும் பக்கத்தில இல்ல, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே இல்லையெண்டு சொன்னா நான் என்ன செய்ய? சாட்சி எண்டு பார்த்தா ஒரு குருகு நிண்டது, தினைத்தாள் மாதிரி மெல்லிசான கால், அதுவும் ஓடுற தண்ணியில ஆரல் மீன் வருதா எண்டு பார்த்துக்கொண்டு நிண்டது. அஞ்சு வரி. பயமும் வெக்கமும் கோபமும் அந்தக் கொக்குட கால்லயே நிக்குது. பின்வாங்கில இருந்து ஒருத்தன் "ரீச்சர், கபிலர் ஆரையும் இப்பிடி ஏமாத்தினவரோ" எண்டு கேப்பான், வகுப்பே சிரிக்கும். அதுக்கு நான் சொல்லுற பதில், கபிலரைப் பற்றி இன்னொரு சங்கப் புலவர் சொன்னது. மாறோக்கத்து நப்பசலையார் புறநானூறு 126 இல அவரைப் "புலன் அழுக்கற்ற அந்தணாளன்" எண்டு சொல்லுறா. ஐம்புலன்லயும் அழுக்கில்லாத மனுசன். அந்த மனுசன்தான் களவுக் காதலையும் கூடலையும் சொல்லுற குறிஞ்சியைப் பாடுறதில முதல் ஆள், ஐங்குறுநூற்றில குறிஞ்சி 100 பாட்டும் அவர்ட. அப்ப அவருக்குக் காதலே தெரியாது எண்டு நான் சொல்ல வரேல்ல. அவர்ட வாழ்க்கையை வெச்சு அந்தப் பாட்டைத் திறக்க ஏலாது, அந்தச் சாவி அந்தப் பூட்டுக்குச் சரிவராது, அவ்வளவுதான்.

சரி, வாழ்க்கைக்கும் பாட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லையா எண்டு கேட்டா, வெள்ளிவீதியார் எண்ட சங்கப் பெண் புலவரைப் பார்க்க வேணும். என்ட அபிப்பிராயத்தில உங்கட கேள்விக்கு மிச்சம் கிட்டவா வாறது அவதான். அவட புருசன் விட்டிட்டுப் போக அவ தேடித் திரிஞ்சா எண்டு ஒரு கதை இருக்கு. கதைக்கு ஆதாரம் எண்டு கையில இருக்கிறது ஔவையார்ட ஒரு வரி, அகநானூறு 147: தலைவனைத் தேடி வெளிக்கிட நினைக்கிற ஒரு தலைவி "வெள்ளி வீதியைப் போல நன்றும் செலவயர்ந்திசினால் யானே" எண்டு சொல்லுறா. வெள்ளிவீதி மாதிரி நானும் போகப்போறன். இதைவிட வேற சான்று இல்லாததால கதை முழுக்க உண்மை எண்டு சத்தியம் பண்ண ஏலாது. ஆனா அவட பாட்டுகளை ஒண்டாப் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பார்த்தா ஒரு வேலை நடந்திருக்கிறது தெரியும். குறுந்தொகை 44 தேடுற பாட்டு. "காலே பரிதப் பினவே கண்ணே நோக்கி நோக்கி வாளிழந்தனவே." கால் ஓய்ஞ்சு போச்சு, பார்த்துப் பார்த்துக் கண் ஒளி கெட்டுப்போச்சு, வானத்தில மீன் எவ்வளவோ அவ்வளவு பேர் இந்த உலகத்தில, தேடுற ஆக்களை மட்டும் காணேல்ல. தேடினவ எண்டு பேர் எடுத்த பெண் எழுதின தேடல் பாட்டு, அப்ப இது அவட சொந்தக் கதைதானே எண்டு பாய வரும். பார்த்தா, பேசுறது தலைவி இல்ல, காதலனோட ஓடிப்போன மகளைத் தேடுற செவிலித்தாய். காலும் கண்ணும் ஒருவேளை வெள்ளிவீதியார்ட சொந்தக் காலும் கண்ணுமா இருக்கலாம், வாய் வேற ஒரு பெண்ட வாய்.

இன்னும் பாருங்க, குறுந்தொகை 58 உம் அவடதான், அதில பேசுறது ஒரு ஆம்பிளை. கூட்டாளி பேசுறான், "என்னடா ஒரு பெட்டைக்காக இப்பிடி ஆகிட்டாய்" எண்டு. அதுக்கு இவன் சொல்லுறான்: வெயில் கொளுத்துற பாறையில வெண்ணெயை வெச்சிருக்கு, காவலுக்குக் கை இல்லாத ஊமை ஒருத்தன், கண்ணால பார்க்க மட்டும் ஏலும், உருகி ஓடுறதை அள்ளக் கை இல்ல, ஆரையும் கூப்பிட வாய் இல்ல, "பரந்தன்று இந்நோய்", இந்த நோயும் அப்பிடிப் பரவிட்டுது. எத்தினை தரம் படிப்பிச்சாலும் இந்த இடத்தில வகுப்பு சத்தம் போடாது. ஒரு பெண், தன்ர தாங்கேலாத ஒண்டை (அப்பிடி ஒண்டு இருந்திருந்தா) கொண்டுபோய் ஒரு இளந்தாரிப் பெடியன்ட வாயில வெச்சிருக்கிறா. நான் எடுக்கிற முடிவு இதுதான், இது என்ட வாசிப்பு, நிரூபிச்ச விசயம் எண்டு எடுக்கவேணாம்: கவிஞர்ட காதல் வாழ்க்கை கவிதைக்குக் கதையைக் குடுக்கிறேல்ல. என்ன நடந்தது, ஆரோட நடந்தது, எப்ப முடிஞ்சது எண்டது எல்லாம் பாட்டுக்குள்ள வந்தாலும் வராட்டியும் ஒண்டுதான். வாழ்க்கை குடுக்கிறது எதைப் பார்க்காம இருக்க ஏலாது எண்ட அந்தக் கண்ணை. உருகுற வெண்ணெயை அப்பிடிப் பார்க்க ஒரு ஆளுக்கு ஏதோ நடந்திருக்க வேணும். என்ன நடந்தது எண்டு வெண்ணெயை வெச்சுச் சொல்ல ஏலாது.

நேரில அனுபவிச்சாத்தான் எழுதேலும் எண்டு சொல்லுற ஆக்களுக்குத் திருக்கோணமலைக்காரருக்கு எண்டே ஒரு பதில் இருக்கு. கோணேசர் கோயில்ல நாங்க பாடுற சம்பந்தர் தேவாரம், "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே", அந்தக் கோயில் இருக்கிற சுவாமி மலையில நிண்டு கீழ கடலைப் பார்த்தவனுக்கு அந்த வரி பொருந்தும். பெரியபுராணம் சொல்லுறபடி சம்பந்தர் இஞ்ச வரவே இல்ல, இராமேச்சரத்தில நிண்டு பாடினவர். அவரே தோணிபுரத்துப் பதிகத்தில ஒரு காதலியா நிண்டு கிளியோட கதைக்கிறார், "சிறையாரும் மடக்கிளியே இங்கே வா", தேனும் பாலும் தாறன், அவன்ட பேரை எனக்கு ஒருக்காச் சொல்லு எண்டு. மூண்டு வயசில பாடத் தொடங்கி 16 வயசில கலியாண நாளிலயே சோதியில கலந்தவர் எண்டுதான் அவர்ட கதை. அந்தக் கதையை நம்பினாலும் நம்பாட்டியும், ஒரு பொம்பிளைப் பிள்ளை தனக்குப் பிடிச்சவன்ட பேரை வேற ஒரு வாயால கேக்க ஆசைப்படுறது எப்பிடி எண்டு அந்தப் பெடியனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கயிருந்து? அவருக்கு முன்னால கிடந்த அகப்பாட்டு மரபில இருந்து எண்டுதான் நான் சொல்லுவன், கிளியும் அன்னமும் வண்டும் தூது போற பழக்கம் அவருக்கு ஆயத்தமா இருந்தது. நீங்க ஆரையும் காதலிக்கேல்ல எண்டு எழுதினீங்க, ஆனா காதல் பாட்டு கேக்காம வளர்ந்தீங்களா?

இன்னொரு சிக்கல், இதை இலக்கியம் படிச்ச ஆக்களே கவனிக்கிறது குறைவு. கவிஞர்ட வாழ்க்கைக் கதை எண்டு நாங்க நம்புறது கனநேரம் அந்தப் பாட்டுகளில இருந்தே செஞ்சது. அருணகிரிநாதர் பாட்டில விலைமாதரைப் பற்றின வர்ணனை நிறைய, எங்கட கோணமலைத் திருப்புகழே "விலைக்கு மேனியில்" எண்டுதான் தொடங்குது. அப்ப அவர் இளமையில அந்த வழியில போய் நோய்ப்பட்டு, திருவண்ணாமலைக் கோபுரத்தில ஏறிக் குதிச்சு, முருகன் தாங்கிப் பிடிச்சார் எண்டு கதை. பிறகு அந்தக் கதையை வெச்சு "பாத்தீங்களா, பட்டு அனுபவிச்சதாலதான் இப்பிடிப் பாடினவர்" எண்டு பாட்டுக்கு விளக்கம். பாட்டுதான் கதையைப் பெத்தது, இப்ப கதை வந்து பாட்டுக்குத் தகப்பன் எண்டு நிக்குது. அம்பிகாபதி அமராவதி கதையும் எனக்கு இந்தச் சாதிதான். சினிமாப் பாட்டு இன்னும் மோசம், மெட்டும் காட்சியும் ஆரோ குடுக்க எழுதின பாட்டுக்குக் கவிஞர்ட காதல் தோல்வி எண்டு யூடியூப்பில ஒரு கதை ஓடும், அதைப் பற்றிக் கதைச்சு நேரத்தை வீணாக்க வேணாம்.

பாரதியில வந்து நிண்டா நிலைமை கொஞ்சம் மாறும், ஏனெண்டா அவரே தன்ட கதையைச் சொல்லியிருக்கிறார். 1910 இல வந்த 'கனவு' எண்ட சுயசரிதைப் பாட்டில பிள்ளைக் காதல் எண்டு ஒரு பகுதி, ஒன்பது வயசுப் பெண் ஒருத்தியைப் பார்த்து மனசைக் குடுத்ததைச் சொல்லுறார். பிறகு வெட்டொண்டு துண்டு ரெண்டா: "ஆங்கோர் கன்னியைப் பத்துப் பிராயத்தில் ஆழ நெஞ்சிடை ஊன்றி வணங்கினன், ஈங்கோர் கன்னியைப் பன்னிரண்டாண்டனுள் எந்தை வந்து மணம்புரிவித்தனன்." ஆங்கோர், ஈங்கோர். ரெண்டு சொல்லுக்குள்ள ஒரு மனுசன்ட முழு வாழ்க்கை. சொந்தக் கதை எண்டு அவரே சொல்லி எழுதினது, அதிலயும் ஒண்டைக் கவனியுங்க: அவர் பிறந்தது 1882 டிசம்பர், செல்லம்மாவைக் கட்டினது 1897, அப்ப வயசு 14, பாட்டு 12 எண்டு சொல்லுது. பொய் சொன்னார் எண்டு நான் சொல்லேல்ல. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில இருக்கிற நெருக்கம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கு, பாட்டு தனக்கு வேண்டிய வயசை எடுத்துக்கொண்டுது. சுயசரிதைப் பாட்டையே பிறப்புச் சாட்சிப் பத்திரம் மாதிரி வாசிக்கேலாது எண்டா மற்றப் பாட்டுகள் எம்மாத்திரம்?

கண்ணம்மா ஆர் எண்ட சண்டை இதால வந்ததுதான். ஒருத்தர் அந்தச் சின்ன வயசுப் பெண் எண்டுவார், ஒருத்தர் செல்லம்மா எண்டுவார், ஒருத்தர் பராசக்தி எண்டு முடிச்சிடுவார். 1917 இல முதல் வந்த கண்ணன் பாட்டை முழுசா ஒரே இருப்பில வாசிச்சா இந்தச் சண்டை கொஞ்சம் சிரிப்பா இருக்கும். அதில கண்ணன் தோழன், தாய், தகப்பன், வேலைக்காரன், அரசன், சீடன், குரு, காதலன். கண்ணம்மா ஒரு பாட்டில குழந்தை, இன்னொண்டில காதலி, இன்னொண்டில குலதெய்வம். பாடுற பாரதி சில பாட்டில பெண், சில பாட்டில ஆண். நம்மாழ்வார் நாயகி பாவத்தில, அதாவது தன்னைக் காதலியா வெச்சுக் கடவுளைப் பாடின வழியை எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு, கடவுளையும் பெண்ணாக்கிப் பார்த்த வேலை அது. அதுக்குள்ள ஒரு ஆளைத் தேடிப் பிடிக்கிறதெண்டா முதல்ல எந்தக் கண்ணம்மா எண்டு கேக்கவேணும். எனக்கு இதில ஒரு ஆதங்கம் மட்டும் இருக்கு, ஏழு வயசில கலியாணம் கட்டி வந்து, பட்டினியும் புதுச்சேரியுமாக் கூட இருந்து, பிறகு பாரதியார் சரித்திரத்தைச் சொல்லி எழுதவெச்ச செல்லம்மாவுக்கு, எல்லாரும் ஆர் அந்தக் கண்ணம்மா எண்டு தேடுறதைக் கேக்க எப்பிடி இருந்திருக்கும்?

இனி ஒரு கஷ்டமான ஆள், சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருதா. கவிஞர்ட வாழ்க்கை தேவையில்ல, கவிதை போதும் எண்டு நான் லேசாச் சொல்லிட்டுப் போக ஏலாததுக்கு அவர்தான் காரணம். 1924 இல, 20 வயசு முடியிறதுக்குள்ள, இருபது காதல் கவிதையும் ஒரு நிராசைப் பாடலும் கொண்ட புத்தகத்தைப் போட்டவர், உலகம் முழுக்கக் காதலர் கையில திரியிற புத்தகம். அதில வாற 'நீ' ஒரு ஆள் இல்ல, ரெண்டு பெண்கள் எண்டு அவரே பிறகு சொன்னார், அதுவும் தான் வெச்ச புனைபேரில, மரிசோல், மரிசோம்ப்ரா எண்டு. 1952 இல நேப்பிள்சில இன்னொரு காதல் கவிதைப் புத்தகம் வந்தது, அதில கவிஞர்ட பேரே இல்ல, ஏனெண்டா கவிதை ரகசியக் காதலி மத்தில்தேக்கு, வீட்டில இருந்தது மனுசி டெலியா. எங்கட ஆக்கள் காதலியிட பேரை மறைச்சாங்க, இவர் தன்ட பேரை மறைச்சார். இதுவரைக்கும் சரி, வாழ்க்கை புத்தகத்தை எப்பிடி வளைக்கும் எண்டதுக்கு நல்ல உதாரணம். ஆனா இதே மனுசன் 1929 இல சிலி நாட்டுக் கொன்சலாக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில இருந்தவர். அவர் செத்த பிறகு 1974 இல வந்த நினைவுக் குறிப்பில தானே எழுதியிருக்கிறார்: விடிய வந்து கக்கூஸ் வாளி எடுத்துக்கொண்டு போற ஒரு தமிழ்ப் பெண், ஒடுக்கப்பட்ட சாதி, ஒரு நாள் அவட கையைப் பிடிச்சு அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போனது, அவ முழு நேரமும் கண்ணைத் திறந்தபடி சிலை மாதிரிக் கிடந்தது, அவ என்னை வெறுத்தது நியாயம் எண்டது. அது பலாத்காரம், வேற சொல் இல்ல. அந்தப் பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தில பேர் இல்ல. 2018 இல சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர்ட பேரை வைக்கப்போக அங்கத்தப் பெண்கள் எதிர்த்தது இதாலதான்.

இப்ப அந்த இருபது கவிதையை என்ன செய்யிறது? கவிதை 1924, சம்பவம் அதுக்குப் பிறகு, அதால இது கவிதையை உருவாக்கினது எண்டு சொன்னா அது பிழை. ஆனா 15 ஆம் கவிதை "நீ பேசாமல் இருக்கும்போது எனக்குப் பிடிக்குது, இங்க இல்லாதவள் மாதிரி இருக்கிறாய்" எண்ட கருத்தில தொடங்குது. முன்னம் வாசிக்கேக்க எனக்கு அது நல்ல மென்மையா இருந்தது. வெள்ளவத்தைப் பக்கத்தை வாசிச்ச பிறகு அந்த மௌனத்தை அப்பிடி வாசிக்க முடியேல்ல. ரெண்டுக்கும் நேர்த் தொடர்பு இருக்கு எண்டு நான் நிரூபிக்க மாட்டன், காதலி பேசாம இருக்கிறதை ரசிக்கிறது கவிஞர்மார் எல்லாரும் செய்யிற வேலை எண்டு ஒருத்தர் சொன்னா அதுவும் நியாயம்தான். ஆனா நான் ஒரு தமிழ்ப் பொம்பிளை, அந்த வாளியைத் தூக்கினவ எங்கட ஆள், என்னால அந்தக் கவிதையைப் பழைய மாதிரி வகுப்பில வாசிச்சுக் காட்ட ஏலாது. அப்ப வாழ்க்கை கவிதையை எழுதுற இடத்தைவிட வாசிக்கிற இடத்திலதான் கூடக் கை வைக்குது எண்டு நினைக்கிறன். பழைய ஆக்கள் அகம் புறம் எண்டு ரெண்டு பெட்டி வெச்சது சும்மா இல்ல, ஆள் ஆர் எண்டு தெரிஞ்ச உடன பாட்டு அதே பாட்டா இருக்காது எண்டது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

எங்கட ஊரில பிறந்த பிரமிளைச் சொல்லாம விட்டா ஊருக்குள்ள தலைகாட்ட ஏலாது. 1939 இல திருகோணமலையில பிறந்து, தமிழ்நாட்டுக்குப் போய், 1997 இல அங்கயே காலமானவர். சிறகில இருந்து பிரிஞ்ச இறகைப் பற்றின அவர்ட சின்னக் கவிதை எல்லாருக்கும் தெரியும். 'உன் பெயர்' எண்டு ஒண்டும் இருக்கு, தேடி வாசியுங்க. ஒரு பேர் உள்ளுக்க நுழையுது, இதயம் அதை உதறி உதறி அழுது, பேர் பின்வாங்குது, அப்பாடா எண்டு அண்ணாந்தா அது நிலவில போய் மோதித் திரும்பி வந்து மேல கொட்டுது. கவிதை முழுக்கப் பேரைப் பற்றித்தான், பேர் என்ன எண்டு கடைசி வரைக்கும் வராது. தன்ட பேரையே அடிக்கடி மாத்தி மாத்தி எழுதின ஆள் அவர், தருமு சிவராம், பிரமிள் எண்டு. நல்லா இருக்கிறது என்னெண்டா, வாசிக்கிற ஆள் அந்த வெத்திடத்தில தன்ட பேரைப் போட்டுக்கொள்ளும். அந்தப் பேரைச் சொல்லியிருந்தா நாங்கள் எல்லாரும் வேற ஆக்கள்ட வீட்டு யன்னலால எட்டிப் பார்க்கிற மாதிரி ஆகியிருக்கும்.

பேர் சொல்லாததுக்கு எங்கட பக்கம் இன்னொரு காரணமும் இருந்தது, தொல்காப்பியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சண்டைக் காலத்தில கொப்பியில ஒரு பெடியன்ட பேரை எழுதி வைக்கிறதுக்குப் பயம். இல்லாமப் போன ஆளையும், படகேறிப் போன ஆளையும், காதலிச்ச ஆளையும் ஒரே 'நீ'க்குள்ள போட்டு எழுதின பெண்பிள்ளையள் இருந்தாங்க, அதில எது காதல் கவிதை எது ஒப்பாரி எண்டு பிரிக்க ஏலாது, பிரிக்கவும் தேவையில்ல. இப்பவும் பாருங்க, உங்களை "ஆர் மச்சான்" எண்டு சிரிச்சுக்கொண்டு கேக்கிறாங்க. அதே கவிதையை உங்கட தங்கச்சி எழுதியிருந்தா கேள்வி அதேதான், கேக்கிற குரல் வேற, கொப்பி அடுப்புக்க போகும், போன கதையள் எனக்குத் தெரியும். நல்லா எழுதின பிள்ளையள் ஏஎல்லோட விட்டதுக்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். அதால இதை வெறும் விடுப்புக் கேள்வி எண்டு எடுக்க எனக்கு மனம் வாறேல்ல.

இப்ப உங்கட கவிதைக்கு வாறன், நீங்க கேள்விக்குக் கீழ போட்டிருந்த அந்தப் பத்து வரி. நடுவில இப்பிடி எழுதியிருக்கிறீங்க: "செருப்பு வார் அறுந்ததை / மற்றக் காலால் மறைச்சபடி / நிலாவெளி பஸ்சுக்கு நிண்டாய்." இது பொய் இல்ல, தம்பி. நீங்க ஆரையோ எங்கயோ பார்த்திருக்கிறீங்க, காதலிச்சீங்களா இல்லையா எண்டது எனக்குத் தேவையில்ல, அந்த மற்றக் காலை நீங்க கவனிச்சிருக்கிறீங்க. வெக்கத்தை வெக்கம் எண்டு சொல்லாமச் சொன்ன இடம் அது. ஆனா கடைசியில "நீயில்லா என் இதயம் பாலைவனம் / நீ வந்தால் அது பூஞ்சோலைவனம்" எண்டு முடிச்சிருக்கிறீங்களே, அது பொய். காதலிச்சு ஏமாந்து அழுது எழுதியிருந்தாலும் அது பொய்யாத்தான் இருந்திருக்கும், ஏனெண்டா அது உங்கட கண் பார்த்தது இல்ல, பஸ்சில ஓடுற பாட்டில இருந்து வந்தது. அந்த ரெண்டு வரியையும் வெட்டுங்க. முதல் வரியில "என் தேவதையே" எண்டு கூப்பிட்டிருக்கிறதையும் எடுத்துவிடுங்க, செருப்பு அறுந்த பிள்ளைக்கு அந்தப் பேர் பொருந்தேல்ல. பிறகு அந்த மூண்டு வரிக்கு முன்னால மழை, வெயில், நேரம் ஏதாவது ஒண்டு மட்டும் போட்டு, பஸ் வந்ததா, அவ எந்தக் காலை முதல்ல வெச்சு ஏறினா எண்டு எழுதிப் பாருங்க. எழுதினா இதுக்குக் கீழயே போடுங்க, ஸ்கூல் லீவு முடிய முதல் வாசிச்சுச் சொல்லுறன்.